கடைக்குப் போன ஒரு கோப்பைச் சோறு

என் வீட்டுக்காரர் அரிசி வியாபாரி. சிங்கப்பூர் ஆற்றோரம் ஒரு கிட்டங்கியில் அவரும் அவருடைய தம்பியும் மூட்டை மூட்டையாக அரிசி இறக்கி, கடைகளுக்குப் பிரித்து விற்றார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்து, இனிமேல் சோற்றைத் தொடாதீர்கள் என்று ஒரு டாக்டர் சொன்னார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விஷயம் புரியாதவள் சிரிக்கிற சிரிப்பு அது.

ஜெர்மன்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கப்பல்கள் சொன்ன நாளில் வருவதில்லை. ரங்கூன் அரிசிக்கும் சயாம் அரிசிக்கும் பெரிய அடிபிடி. அந்தக் கவலையில்தான் மனுஷர் இளைக்கிறார் என்று நினைத்தேன். முன்னைவிட இரட்டிப்பாகச் சாப்பிட்டார், ஆனாலும் சட்டை தொளதொளவென்று தொங்கியது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். குளிக்கிற இடத்தில் ஒரு மூலையில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. நாங்கள் அப்போது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். ஈயும் எறும்பும் அங்கே புதிதில்லை. ஆகவே நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் சாக்குத் தைக்கிற ஊசி அவர் வலது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டேன், வேப்பெண்ணெய் தடவினேன். புண் ஆறவே இல்லை. விரல் கறுக்கத் தொடங்கியபோதுதான் பயம் பிடித்தது. அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக் குழாயில் ஏதோ நீல மருந்தை ஊற்றி, இவருடைய சிறுநீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வண்டலாகக் கட்டியது.

"உங்களுக்குச் சலரோகம். சோறு, பாண், கிழங்கு, சீனி ஒண்டும் கூடாது. இல்லாட்டி முதல் கால் போகும், பிறகு ஆள் போகும்" என்றார்.

நாங்கள் நீரிழிவு என்று சொல்வதைத்தான் அவர் சலரோகம் என்றார், ரொட்டியைப் பாண் என்றார். சிரிப்பெல்லாம் அப்போதே எங்கோ போய்விட்டது. எங்கள் ஒரே மகளைக் காரைக்கால் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். கடல் தாண்டி வந்த இந்த ஊரில் எனக்கு அவர், அவருக்கு நான். அவர் கால் போனால் கிட்டங்கி போகும், அவரே போனால் எனக்கு என்ன மிச்சம்?

டாக்டர் வைத்தியத்தைப் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்றார். முதல் படியில் உடம்பைக் காயப்போடுவது. சீனியில்லாத கோப்பி, தெளிந்த கோழிச் சாறு, வேறொன்றும் இல்லை, குழாயில் நீலம் நீலமாகவே நிற்கும்வரை. இரண்டாவது படியில் மீன், முட்டை, ஆட்டிறைச்சி, கீரை, வெள்ளரி, கத்திரி. காயை மூன்று தடவை வேகவைத்து மூன்று தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். மூன்றாவது படியில் சோற்றை ஒரு கரண்டி, பிறகு இன்னொரு கரண்டி என்று ஏற்றிப் பார்ப்பது. எந்தக் கரண்டியில் நிறம் மாறுகிறதோ அதற்கு ஒன்று கீழே நின்றுவிட வேண்டும். அந்த அளவுதான் நாலாவது படி. அது சாகும்வரைக்கும்.

"ஏறேக்குள்ளை அவசரப்படக் கூடாது. முக்கால்வாசிப் பேர் அங்கைதான் விழுறவை" என்றார் டாக்டர்.

குழாயும் நீல மருந்தும் ஒரு சின்ன விளக்கும் வாங்கி வந்தோம். அந்த விளக்கு எரிவது சாராயத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் சாராயம் வந்ததே அந்த ஒரு வழியில்தான். தொழுகைப் பாய்க்கு எட்டாத தூரத்தில், அடுப்படி மாடத்தில் வைத்தேன். காலையில் அதில் குழாயைக் காய்ச்சிப் பார்ப்பது என் வேலை.

முதல் படி நான் நினைத்ததைவிட லேசாகக் கழிந்தது. அவர் கடைக்குப் போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்தார், எரிந்து விழுந்தார், என் சமையலறைப் பக்கமிருந்து வாசம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நானும் அந்த நாட்களில் சோறு ஆக்கவில்லை. அவர் எதிரில் எப்படித் தின்பது? நீலம் தெளிந்து நின்ற காலையில் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "வானம் மாதிரி இருக்கு புள்ள" என்றார். இரண்டாம் படிக்குப் போனோம். அவரும் கடைக்குப் போனார். அடுத்த நாளே குழாய் மஞ்சளாகிவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காயை மூன்று தடவைக்கு நாலு தடவை வேகவைத்தேன். கடைசியில் அது காயா துணியா என்று தெரியாத கதிக்கு வந்தது. மீன் ஆணம் என்று நாங்கள் சொல்கிற குழம்பில் புளி கரைப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். மஞ்சள் போகவில்லை. டாக்டரிடம் போனால், அவர் என்னைத்தான் பார்த்தார்.

"மருந்து பொய் சொல்லாது. ஆரோ சாப்பாட்டிலை பிழை விடுகினம்."

மறுபடி முதல் படி. மறுபடி வீட்டில் படுக்கை, கோழிச் சாறு, எரிந்து விழுதல். நீலம் தெளிந்தது. கடைக்குப் போனார். மஞ்சள். இந்தத் தடவை என் வீட்டுக்காரரே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இரக்கப்பட்டு ஆணத்துல எதையாச்சும் கரைச்சு ஊத்துறியா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மீன் சட்டியை அடுப்போடு விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். ஆற்றோரத்தில் மலாய்க்காரிகள் விற்கிற தேங்காய்ப்பால் பலகாரம் எதையாவது வாங்கித் தின்கிறாரோ என்று. கேட்டால் அல்லா மேல் ஆணையிட்டார். பொய்யாணை இடுகிற மனுஷர் இல்லை அவர். அதனால் குழப்பம் இன்னும் கூடியது. புண் வேறு விரலிலிருந்து பாதத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

விஷயம் வெளிப்பட்டது ஒரு குதிரை வண்டியில். டாக்டரைப் பார்க்கப் போகிற வழியில் அவரைக் கிட்டங்கியில் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைப்பக்கம் போகிற வழக்கமில்லை. அத்தனை வருஷத்தில் அவர் வியாபாரம் செய்கிற இடத்தை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. வண்டி நின்றதும் திரையை விரலால் விலக்கிப் பார்த்தேன்.

வாசலில் ஒரு நீளப் பலகை. அதன்மேல் வரிசையாகப் பீங்கான் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆவி பறக்கிற வெறும் சோறு. பின்னால் சின்னச் சின்ன மண்பானைகள் அடுப்பில். என் வீட்டுக்காரர் நின்றபடியே ஒரு தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தார், மென்றார், விழுங்கினார், தம்பியிடம் ஏதோ சொன்னார். அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். அங்கேயும் ஒரு வாய். திருப்தியில்லை போலிருக்கிறது, இன்னொரு வாய். இப்படியே பலகை முடிகிறவரை போனார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

"இது என்ன மச்சான்?"

"எது?"

"இப்ப தின்னீங்களே."

"எங்க தின்னேன்? சரக்குப் பாத்தேன்" என்றார்.

அவர் விளையாடவில்லை. அதுதான் விஷயம். அரிசி வியாபாரத்தில் வருகிற ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பிடி ஆக்கி ருசி பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பதினைந்து வயதிலிருந்து அவர் செய்கிற வேலை அது. கையைக் கழுவி, பிஸ்மி சொல்லி, தரையில் சம்மணம் போட்டு, சஹன் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவர் கணக்கில் சாப்பாடு. நின்றுகொண்டு வாயில் போடுவது வேலை. மூட்டை தூக்குகிறவன் தோளில் பட்ட தவிட்டைச் சாப்பாடு என்று சொல்வானா?

"துப்பக்கூடாதா?" என்றேன்.

"அல்லா கொடுத்த ரிஸ்க்கை, சோத்தை, துப்பச் சொல்றியா? அதுவும் வியாபாரம் பண்ற வாசல்லயா? பரக்கத் போயிரும், வியாபாரம் விளங்காது. அது போக, உள்ள எறங்குனாத்தான் அரிசி பழசா புதுசான்னு தெரியும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. இருந்திருந்தால் அவர் கால் போயிருக்கும்.

"சரி மச்சான். நோன்பு மாசத்துல பகல்ல சரக்குப் பாப்பீங்களா?"

நோன்பு வைத்த பகலில் அவர் பலகை பக்கமே போகமாட்டார், எல்லாம் பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பிறகுதான். குதிரை நாலைந்து தெரு ஓடியது.

"அப்ப அது சாப்பாடுதான்" என்றார் கடைசியில். தன்னையே திருட்டில் பிடித்தவர் மாதிரி முகம் வெளுத்திருந்தது. என்னைச் சந்தேகப்பட்டதற்கு அன்றைக்கு மன்னிப்பும் கேட்டார். அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு பல மாதம் அவர் கடைக்குப் போகவில்லை. மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை நீலம் நின்றது. கீரையும் மீனும் முட்டையும் தின்று, கேலாங் தோப்பிலிருந்து வருகிற தேங்காயில் டாக்டர் சொன்ன அளவு ஒரு துண்டு கடித்துக்கொண்டு, வீட்டுத் திண்டில் சாய்ந்து கிடந்தார். புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கி, மெல்ல மூடத் தொடங்கியது. நான் நன்றிக்கு நோன்பு வைத்தேன்.

கிட்டங்கியில்தான் எல்லாம் தலைகீழ். தம்பி நல்லவர், நாக்குத்தான் இல்லை. ஈரம் பட்ட சரக்கை நல்லதென்று எடுத்துவிட்டார். சோற்றுக்கடைக்காரர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் தம்பி கைக்குட்டையில் ஒரு பிடி சோறு முடிந்துகொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, ஒரே ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

அவர் அதை முகர்ந்தார், விரலால் நசுக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தம்பி போன பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "மச்சான், கோப்பி தரட்டுமா?" என்று கேட்டேன். "நான் எதுக்கு ஆவேன் புள்ள இனிமே?" என்றார். அந்தக் கேள்வியை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. கால் பிழைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாம் படியின் முதல் கரண்டியை டாக்டர் அனுமதித்த அன்று, காற்று மாறட்டும் என்று சாங்கிக்குப் போனோம். விடியற்காலை பஜ்ருத் தொழுதுவிட்டு வண்டி ஏறினோம். தென்னந்தோப்பும் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களுமாக வழி நீண்டுகொண்டே போனது. கடற்கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பாய் விரித்தேன். மீன் ஆணம், கீரை, ஒரு கரண்டிச் சோறு. அந்த ஒரு கரண்டியை நான்தான் என் கையால் ஊட்டினேன். அவர் அதை விழுங்க மனமில்லாமல் மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர்.

"இம்புட்டு ருசியாவா இருந்துச்சு இது, இத்தனை நாளும்?"

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் சமையலை அவர் ஒருதரம்கூடப் பாராட்டியதில்லை. உப்பு சரியாக இருந்தால் பேசாமல் தின்பார், அதுதான் பாராட்டு. அன்றைக்கு அந்த வெறும் சோற்றுக்குச் சொன்ன வார்த்தையை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏறினோம், மெதுவாக. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. ஒருதரம் குழாய் லேசாகப் பச்சை காட்டியது. டாக்டர் சொன்னபடி ஒன்று இறங்கினோம். கடைசியில் டாக்டர் ஒரு சின்னத் தேயிலைக் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாளுக்கு இவ்வளவு சோறு. இதுக்கு மேலை ஒரு பருக்கையும் வேண்டாம். எப்ப சாப்பிடுறது எண்டது உங்கடை விருப்பம்."

வீடு திரும்புகிற வழியெல்லாம் நான் கணக்குப் போட்டேன். சஹன் என்பது எங்கள் சனங்களில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு. மகள் போன பிறகு அந்தத் தட்டில் நாங்கள் இருவரும்தான் இரவில் சாப்பிடுவோம். வியாதி வந்ததும் அவர் கீரையும் மீனும் தனித்தட்டுக்குப் போய்விட்டன. நான் அடுப்படியில் உட்கார்ந்து எதையோ விழுங்கிக்கொள்வேன். இனி அந்தக் கோப்பைச் சோற்றைச் சஹனில் அவர் பக்கமாக வைக்கலாம், என் சோற்றை என் பக்கம் வைக்கலாம், நடுவில் ஆணம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை அவர் சட்டை போட்டுக்கொண்டு, அதே அளவுக் கோப்பை ஒன்றைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரவு சஹனை எடுத்து வைத்தேன், சோறு போட்டேன்.

"என் கோப்பை முடிஞ்சிருச்சு புள்ள" என்றார்.

பலகையில் ஒவ்வொரு சரக்குக்கும் அரைக் கரண்டி என்று பிரித்து, கோப்பை நிறைகிற அளவுக்குச் சரக்குப் பார்த்திருக்கிறார். அதற்குமேல் ஒரு பருக்கை தொடவில்லை. சிறுபிள்ளை மாதிரி பெருமையோடு சொன்னார். காலையில் குழாயைக் காய்ச்சினேன். நீலம்.

நான் என்ன சொல்ல முடியும்? சண்டை போட்டேன், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. "ஊர்ல உள்ள அரிசியையெல்லாம் திங்கிறீங்க, வீட்டு அரிசி மட்டும் கசக்குதா?" என்று கேட்டேன். "அது வேலை புள்ள" என்றார். "அது சாப்பாடுன்னு வண்டியில நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "சாப்பாட்டை விட்டாலும் இருந்துருவேன். வேலையை விட்டா இருக்க மாட்டேன்." வெள்ளிக்கிழமை மட்டுமாவது வீட்டில் சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். ஜும்ஆ முடிந்து வருவார் என்று நெய்ச்சோறு ஆக்கி வைத்துக் காத்திருப்பேன். காலையில் ஒரு கப்பல் வந்துவிட்டது என்பார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

டாக்டருக்கு அவர்தான் பெருமை. நீரிழிவுக்காரர்களை எங்கள் வீட்டுக்கே அனுப்புவார், இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. தெம்பனிஸ் தோட்டங்களிலிருந்துகூட வந்தார்கள். சில பேர் முதல் படியிலேயே ஓடிவிட்டார்கள். சில பேர் மூன்றாம் படியில் அவசரப்பட்டுச் சறுக்கினார்கள். வருகிற பெண்களுக்குக் காயை வேகவைத்துக் கொட்டுகிற விதத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். ஆண்கள் அவரிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பசிக்காதா?

"பழகிரும்" என்பார்.

வருஷங்கள் போயின. விரலில் புண் இருந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும். நீரிழிவுக்கு ஊசி மருந்து வந்துவிட்டது என்று ஒருநாள் டாக்டர் சொன்னார். உங்களுக்கு அது தேவைப்படாது என்றும் சொன்னார். ஊரெல்லாம் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது, மாட்டுக் கொட்டகைகள் போய்விட்டன, நாங்களும் வேறு வீடு மாறினோம். இரவில் அவர் கீரையும் மீனும் தின்பார், மாத்திரை விழுங்குகிற முகத்தோடு. நான் அவர் எழுந்த பிறகு சாப்பிடுவேன். ஒன்றாக உட்காரச் சொன்னால் உட்காருவார். ஆனால் சாப்பிடுகிற மனுஷரோடு உட்கார்ந்தமாதிரி இருக்காது.

கண் மங்கத் தொடங்கியதும் கிட்டங்கியைத் தம்பியின் மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். வெட்கமாகக்கூட இருந்தது, அந்த வயதில். அந்தக் கோப்பை இனி என்னுடையது. அன்றைக்குச் சாயங்காலம் பசாரில் நல்ல சயாம் அரிசியாகப் பார்த்து வாங்கி ஆக்கினேன். கொடுவா மீன் ஆணம் வைத்தேன். சஹனைத் தேய்த்துக் கழுவி நடுவீட்டில் வைத்து, கோப்பையை அளந்து அவர் பக்கம் கவிழ்த்தேன்.

அவர் பிஸ்மி சொன்னார். ஆணத்தைத் தொடவில்லை. விரல் நுனியில் நாலு பருக்கை எடுத்தார், மென்றார், தலையைச் சாய்த்துக்கொண்டு விழுங்கினார்.

"சயாம். பழைய அரிசிதான். ஆனா கலந்திருக்கான், பாதி போன வருஷத்துது" என்றார். கையை எடுத்துவிட்டார்.

"மச்சான், இது கடை இல்லை. சாப்பிடுங்க."

அவர் மறுபடி ஒரு வாய் எடுத்தார். என் மனசுக்காக எடுத்தார் என்று தெரிந்தது. மென்றார், நிறுத்தினார். எங்கோ தொலைத்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி நாக்கால் வாய்க்குள் துழாவினார்.

"எனக்குத் தெரியல புள்ள" என்றார். "அரிசி என்னன்னு தெரியுது. ருசி தெரியல. பசின்னு ஒண்ணு வந்தே எம்புட்டு வருஷமாச்சுன்னு தெரியல. மொதல்ல பசியை அடக்குனேன். அப்புறம் அது வரவே இல்லை."

அந்தக் காலை நான் காப்பாற்றினேன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவரை உயிரோடு வைக்க நாங்கள் ஏறிய படிகளில் எங்கோ ஒன்றில் அந்தப் பசி விழுந்துபோயிருக்கிறது. எந்தப் படி என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. குழாய் அதையெல்லாம் காட்டாது.

அவர் தன் பக்கத்துச் சோற்றைப் புறங்கையால் மெல்லத் தள்ளி என் பக்கம் சேர்த்தார்.

"நீ சாப்பிடு. நான் பாக்குறேன்."

பிசைந்து ஒரு வாய் வைத்தேன். கண் மங்கியவர் என் முகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு மச்சான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். இன்னும் ஒரு வாய் சாப்பிடு என்றார்.